அஞ்சலை கேட்ட அர்த்தம்

எங்கள் சிட்லபாக்கம் தெருவில் கேட்டைத் தட்டும் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம். கையால் தட்டினால் கூரியர். ஸ்பானரால் தட்டினால் கேஸ் சிலிண்டர். தராசுத் தட்டால் தட்டினால் அஞ்சலை.

போன மாதம் ஒரு புதன்கிழமை காலையில் கேட்டது மூன்றாவது சத்தம். மீன் வாங்கும் சட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

அஞ்சலை கானத்தூர்ப் பக்கம் ஒரு கடலோரக் குப்பத்தைச் சேர்ந்தவர். புதனும் ஞாயிறும் விடிந்ததும் மீனோடு பஸ் பிடித்துத் தாம்பரம் வந்து, அங்கிருந்து எங்கள் தெருவுக்கு வருவார். பதினைந்து வருடப் பழக்கம். மீன்காரம்மா என்றாலே ஊரைக் கூட்டும் குரல் என்று நினைப்பவர்கள் அஞ்சலையிடம் ஒரு முறை மீன் வாங்கிப் பார்க்க வேண்டும். விலையை ஒரே தடவை சொல்வார். அதற்கப்புறம் வாயைத் திறக்க மாட்டார். நாம் "என்னம்மா இப்படிச் சொல்றே" என்போம். அவர் மீனைப் பார்ப்பார். "போன வாரம் இதைவிடப் பெரிசா இருந்துதே" என்போம். தெருவைப் பார்ப்பார். நாமே ஒரு விலை சொல்லி, அது நமக்கே அநியாயமாகப் பட்டு, நாமே கொஞ்சம் ஏற்றி, கடைசியில் அவர் சொன்ன விலைக்கே வந்து நிற்போம். பதினைந்து வருடத்தில் நான் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை.

அன்றைக்கு அன்னக்கூடையை இறக்கி வைத்தவர் மீனைக் காட்டவில்லை. இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையிலிருந்து ஒரு பாலிதீன் கவரை எடுத்தார். உள்ளே நான்காக மடித்த காகிதம்.

"அக்கா, நீ பத்திரிகையில இங்கிலீஷு வார்த்தைக்கெல்லாம் அர்த்தம் எய்துற இல்ல? இத்த பாத்து சொல்லு. நல்ல வார்த்தையா, கெட்ட வார்த்தையா?"

வாங்கிப் பிரித்தேன். நாவலூரில் ஒரு கால் சென்டரின் மதிப்பீட்டுத் தாள். அஞ்சலையின் மகள் சுகந்தி அங்கே மூன்று மாதமாக ட்ரெய்னிங்கில் இருக்கிறாள். பி.காம். முடித்தவள். அவர்கள் குடும்பத்தில் கம்பெனி சுமோவில் ஏறி வேலைக்குப் போகும் முதல் ஆள். தாள் முழுவதும் கட்டங்கள், கட்டங்களில் டிக்குகள். கீழே ட்ரெய்னர் தன் கையால் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்.

'ஷி அப்பியர்ஸ் பிவில்டர்ட் ஆன் கால்ஸ்.'

அதற்கும் கீழே, இறுதி மதிப்பீடு அடுத்த வாரத்துக்கு அடுத்த திங்கட்கிழமை என்று இருந்தது. அதில் தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் என்ன என்று தாளில் எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை.

"அவளாண்ட கேட்டா ஒண்ணியும் இல்லன்றா. ஒண்ணியும் இல்லாததை இன்னாத்துக்கு துணிக்கு அடியில ஒளிச்சி வெச்சிகினு கீறா? சொல்லுக்கா."

பிவில்டர்ட்!

இந்த வார்த்தையைப் பற்றி எனக்குத் தெரியும். தெரிய வேண்டும், அதுதானே என் பிழைப்பு! இங்கிலீஷ்காரர்கள் குழப்பத்துக்கென்றே ஒரு பெரிய குடும்பத்தை வைத்திருக்கிறார்கள். 'பஸில்ட்' அதில் கடைக்குட்டி: விடை தெரியவில்லை, ஆனால் உட்கார்ந்து யோசித்தால் வந்துவிடும். 'கன்ஃப்யூஸ்ட்' நடுப்பிள்ளை. லத்தீன் மூலத்தில் 'சேர்த்து ஊற்றுவது' என்று அர்த்தமாம். சாம்பார் இருந்த கிண்ணத்தில் ரசத்தையும் ஊற்றிவிட்டால் எது எது என்று தெரியாதல்லவா, அது. 'பெர்ப்ளெக்ஸ்ட்' என்பது நூல் சிக்கிக்கொண்ட நிலை. இழுக்க இழுக்க இறுகும்.

பிவில்டர்ட் இவர்களுக்கெல்லாம் மூத்தது. அதற்குள் ஒரு காடே இருக்கிறது. வனாந்தரத்தைக் குறிக்கும் 'வில்டர்னஸ்' இதற்குப் பங்காளி. வழி தவறி, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்பது. நாம் 'கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போல' என்கிறோமே, அப்படியே அதுதான். கடல் தாண்டி இருப்பவர்களும் நாமும் ஒரே காட்டில் போய் நின்றிருக்கிறோம். இன்னொன்றும் சொல்கிறேன். 'திகைத்தான்' என்கிறோம். பழைய தமிழில் 'திகை' என்றால் திசை என்றும் பொருள் உண்டு. திசை தப்பினால் திகைப்பு!

எங்கே இதைப் பயன்படுத்தலாம்? தி. நகர் ஜவுளிக்கடையில் பயன்படுத்தலாம். 'பிவில்டரிங் வெரைட்டி' என்று விளம்பரமே செய்வார்கள். ஐந்து மாடிச் சேலைகளுக்கு நடுவே நீங்கள் திக்குமுக்காடி நின்றால் முதலாளிக்குச் சந்தோஷம். வெளியூர்க்காரர் முதல்முறை தாம்பரம் பஸ் நிலையத்தில் இறங்கினால் பயன்படுத்தலாம். அங்கெல்லாம் யாருக்கும் மானக்கேடு இல்லை.

ஆனால் போனில் பேசுவதற்கென்றே சம்பளம் வாங்கப்போகும் பெண்ணைப் பற்றி அவளுடைய ட்ரெய்னர் எழுதினால்? போனை எடுத்துவிட்டு அந்தப் பெண் திருதிருவென்று முழிக்கிறாள் என்று அர்த்தம். அதைவிட மோசமாக எழுதியிருக்க முடியாது.

இத்தனையும் ஒரு நொடியில் என் மனதில் ஓடியது. அஞ்சலை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சொன்னேன்: "ரொம்ப ஆச்சரியமா, ஆர்வமா கேக்குறா உன் பொண்ணு. அப்படின்னு எழுதியிருக்காங்க."

ஏன் சொன்னேன்? இரண்டு வாரமாக அதைத்தான் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். வாசலில் நின்று கேட்பவரிடம் கெட்ட சேதி சொல்ல மனம் வரவில்லை என்பது ஒரு காரணம். அது கௌரவமான காரணம். இன்னொன்று இருக்கிறது. நம் பக்கத்தில் யாரும் யாரையும் ஏமாற்றத்தோடு திருப்பி அனுப்ப மாட்டார்கள். எங்களுக்கு அடுத்த ஊரான அஸ்தினாபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வழி கேட்டுப் பாருங்கள். மண்டபத்தின் பெயரையே கேள்விப்படாத மனிதர்கூட, "நேரா போய் லெஃப்ட் எடுங்க" என்பார். அவரால் 'தெரியாது' என்று சொல்ல முடியாது. சொன்னால் நம் முகம் வாடும், அது அவருக்குப் பொறுக்காது. நான் அப்படி நான்கு பேரின் நல்ல மனதைக் கேட்டு நடந்து, தாலி கட்டி முடிந்தபின் போய்ச் சேர்ந்திருக்கிறேன்.

எனக்கு இந்த வியாதி கொஞ்சம் முற்றிய நிலை. பன்னிரண்டு வருடமாக வார்த்தைகளைப் பற்றி எழுதுகிறேன். ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டு நான் 'தெரியாது' என்று சொன்னதாகச் சரித்திரமே கிடையாது. தெரியாவிட்டாலும் சொல்லிவிட்டு, அப்புறம் உள்ளே போய் அகராதியைப் பார்ப்பேன்.

அஞ்சலை காகிதத்தை மறுபடி நான்காக மடித்தார். "ஆச்சரியமா..." என்று ஒரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அன்றைக்கு மட்டும் நான் கேட்காமலே விலையைக் கொஞ்சம் குறைத்தார். 

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அதற்குள் தெருவில் ஒரு கதை கிளம்பிவிட்டது.

எதிர்வீட்டு மல்லிகா பாங்க்கில் வேலை செய்பவர். விவரமானவர். அவரே கேட்டைத் திறந்துகொண்டு வந்து, "தெரியுமா, நம்ம அஞ்சலை பொண்ணைப் பார்த்து வெள்ளைக்காரங்களே அசந்து போயிட்டாங்களாம்!" என்றார். நான் "அப்படியா?" என்றேன். வேறென்ன சொல்வது?

கொஞ்ச நேரத்தில் அஞ்சலை வந்தார். சட்டியில் நான் கேட்ட சங்கராவைப் போட்டார். அதன் மேல் கேட்காத வஞ்சிரத் துண்டுகள் நான்கு விழுந்தன.

"இது இன்னாத்துக்கு அஞ்சலை?"

"வெச்சிக்கோக்கா. நல்ல சேதி சொன்ன இல்ல? நீ சொன்ன தெம்புலதான் என் தம்பிக்கு வேணான்னு சொல்லிட்டேன்."

"எதை வேணான்னு சொன்னே?"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அஞ்சலையின் தம்பி தாம்பரம் சானடோரியம் பகுதியில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சூப்பர்வைசர். அங்கே ஸ்டோர்ஸில் ஒரு இடம் காலி. சுகந்திக்காகச் சொல்லி வைத்திருந்தார். கால் சென்டர் நிலைக்குமோ நிலைக்காதோ என்ற பயத்தில் அஞ்சலையும் சரி என்கிற யோசனையில்தான் இருந்திருக்கிறார். சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டார். அந்த இடத்துக்கு வேறு பெண்ணை எடுத்துக்கொண்டார்களாம்.

"இங்கியே ஆச்சரியமா பாக்கறாங்கோ, அங்க போயி பொட்டி எண்ணிகினு இருப்பாளான்னு கேட்டுட்டேன்" என்றார் அஞ்சலை, சிரித்துக்கொண்டே.

வஞ்சிரத்தைத் திருப்பிக் கொடுக்கக்கூடத் தோன்றாமல் சட்டியோடு உள்ளே வந்தேன்.

கணக்கு எளிது. எட்டு நாள் கழித்து வரும் திங்கட்கிழமை சுகந்தி தேறாவிட்டால் நாவலூர் வேலையும் இல்லை, சானடோரியம் வேலையும் இல்லை. இருந்த ஒரு மாற்றையும் ஒரே வார்த்தையில் காலி செய்தவள் நான். மத்தியானம் என் கணவர் வஞ்சிரத்தை ரசித்துச் சாப்பிட்டுவிட்டு, "நீ ஏன் சாப்பிடலை?" என்றார். நடந்ததைச் சொன்னேன். அவர் கையிலிருந்த துண்டை ஒரு கணம் பார்த்தார். "உண்மையைச் சொல்லிடு" என்றார். பிறகு அந்தத் துண்டையும் சாப்பிட்டார்.

புதன்கிழமைக்குள் எப்படிச் சொல்வது என்று ஏழெட்டு விதமாக ஒத்திகை பார்த்தேன். 'ஒரு வார்த்தைக்குப் பல அர்த்தம் இருக்கு அஞ்சலை' என்று ஆரம்பிக்கலாமா? 'பிரிட்டிஷ் இங்கிலீஷில் ஒரு மாதிரி, அமெரிக்கன் இங்கிலீஷில் ஒரு மாதிரி' என்று தப்பிக்கலாமா? இதுபோன்ற நேரங்களில்தான் படித்த படிப்பு உதவிக்கு வருகிறது, வெட்கமே இல்லாமல்.

புதன்கிழமை தராசுத் தட்டு ஒலித்தது. அஞ்சலை வாசலில் உட்கார்ந்து அரிவாள்மணையை விரித்தார். கிழங்கான் மீனைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தார்.

"அஞ்சலை, அன்னைக்கு ஒரு வார்த்தைக்கு அர்த்தம் சொன்னேனே..."

நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

"அது... நான் சொன்னது சரிதான். ஆனா முழுசா சரியில்லை."

பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அதாவது ஆச்சரியம்னு சொன்னேன் இல்லையா, ஆச்சரியம்கூட ஒருவிதத்துல... பார்த்தா... ஒண்ணும் புரியாத ஆச்சரியம்னு வெச்சுக்கயேன்."

 கையில் மீன் அப்படியே நின்றது. தெருவில் காய்கறி வண்டி போனது.

"புரியாம முழிக்கிறான்னு எழுதியிருக்கார் அஞ்சலை. நான் பொய் சொல்லிட்டேன். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியலை. தப்புதான். பெரிய தப்பு."

மீன் விலைக்குச் செய்வதைத்தான் எனக்கும் செய்தார். அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை, நானே முழு விலைக்கு வந்து நின்றேன். ஏழெட்டு ஒத்திகையும் வீண்.

கையிலிருந்த மீனைப் பார்த்துக்கொண்டே பேசினார். "பட்ச்சவ நீ. உன்ன நம்பி கேட்டேன்."

கத்தியிருந்தால்கூடப் பதில் சொல்லியிருப்பேன்.  அவமானமாக இருந்தது. அழுகை வந்தது. கிழங்கான் வாசனையைச் சாக்காக வைத்து மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

"ஆனா ஒண்ணு சொல்றேங்க்கா" என்றார், மீனை மறுபடி உரசத் தொடங்கி. "என் பொண்ணு முழிக்கறவ இல்ல. எழுதனவரு தப்பா எழுதிகிறாரு."

தாய்மார்கள் எல்லோரும் சொல்வதுதானே என்று நினைத்தேன். "ஞாயித்துக்கிழமை அவளைக் கூட்டிட்டு வா" என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் வந்தார்கள். மறுநாள் மதிப்பீடு.

சுகந்தி அம்மாவின் அச்சு. அதே கண், அதே அளந்த பேச்சு. சுடிதாரும், தோளில் கம்பெனி கொடுத்த பையும்தான் வித்தியாசம். ஹாலில் உட்கார வைத்தேன். அஞ்சலை உள்ளே வரவில்லை. வாசல்படியில் அரிவாள்மணையோடு உட்கார்ந்துவிட்டார். மீன் நாள் மீன் நாள்தான்.

"அந்த வார்த்தைக்கு அர்த்தம் உனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும் ஆன்ட்டி. அன்னைக்கே டிக்‌ஷனரில பார்த்துட்டேன்."

"அப்புறம் அம்மா வந்து ஆச்சரியம் அது இதுன்னு சொன்னப்ப ஏன் சொல்லலை?"

வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு அந்த ஸ்டோர்ஸ் வேலைக்குப் போக இஷ்டமில்லை ஆன்ட்டி. இதுதான் வேணும். மாமாகிட்ட அந்த வேலை வேணாம்னு சொல்ல ஒரு காரணம் வேணும். நீங்க சொன்னது அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

நான் தூக்கமில்லாமல் சுமந்த பாவத்தை அவள் சௌகரியமாக உபயோகித்துக்கொண்டிருக்கிறாள்! எனக்குக் கோபம் வருமா நிம்மதி வருமா என்று பார்த்தேன். நிம்மதிதான் வந்தது. பாதி நிம்மதி. மறுநாள் மிச்சம் இருந்தது.

"சரி, போன்ல என்ன ஆச்சு? பேசினவங்க இங்கிலீஷ் புரியலையா?"

"புரிஞ்சுது ஆன்ட்டி."

இந்தப் 'புரிஞ்சுது'வை எனக்கு நன்றாகத் தெரியும். நான் படித்த எத்தனை வகுப்பறைகளில், எத்தனை தலையாட்டல்களோடு கேட்டது! வாத்தியார் மனம் நோகக்கூடாது என்பதற்காகச் சொல்லப்படும் வார்த்தை அது. எனவே சோதித்தேன். "அப்ப போன்ல இருந்தவங்க என்ன சொன்னாங்க, சொல்லு பார்ப்போம்."

சொன்னாள். அமெரிக்காவில் ஒரு வயதான அம்மாள் ஆர்டர் செய்த சோஃபா பக்கத்துத் தெருவில் வேறு யார் வீட்டிலோ இறக்கப்பட்டுவிட்டது. அந்த வீட்டு நாய் அதன்மேல் படுத்துக்கொண்டு இறங்க மறுக்கிறது. அதற்கு முன் மூன்று தடவை போன் செய்திருக்கிறார். மகன் வருகிறான், உட்கார இடமில்லை. இடையில் திட்டிய வார்த்தைகளையும் அவள் விட்டுவிடவில்லை, வரிசையாக ஒப்பித்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"எல்லாம் புரிஞ்சிருக்கே! அப்புறம் ஏன் பேசாம இருந்தே?"

"அவங்க இன்னும் முடிக்கலை ஆன்ட்டி."

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்! "கத்துறவங்க நடுவுல நாம பேசினா, மறுபடி முதல்லேர்ந்து கத்துவாங்க. விட்டுட்டா தானா இறங்கிடுவாங்க. அந்தம்மாகூட கடைசில ஸாரி சொன்னாங்க. ஆனா எங்க கம்பெனில பேசாம இருந்தா டெட் ஏர்னு சொல்வாங்க. லைன்ல சத்தமில்லாம கொஞ்ச நேரம் போனாலே மார்க் போச்சு. ட்ரெய்னர் ரோஷன் சார் பக்கத்து ரூம்ல ஹெட்போன் மாட்டிக் கேட்டுட்டு இருந்தார். எனக்கு ஒண்ணும் புரியலை, அதான் பேசலைன்னு நினைச்சுட்டார்."

"நீ சொல்லக்கூடாதா அவர்கிட்ட?"

"அவரும் அப்ப கத்திட்டு இருந்தார் ஆன்ட்டி. முடிக்கலை."

வாசல்படியில் மீன் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. பதினைந்து வருடமாக நான் தோற்றுக்கொண்டிருந்த அதே வித்தையைத்தான் இந்தப் பெண் நாவலூருக்குக் கொண்டுபோயிருக்கிறாள். அவளுடைய அம்மா சொன்னது சரி. தாய்ப்பாசம் என்று நான் தள்ளியதுதான் தப்பு.

ஆனால் நாளைக்கு ரோஷனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? காதுக்கு மட்டும் எட்டும் தூரத்தில் மௌனமாக இருப்பவர் யோசிக்கிறாரா, முழிக்கிறாரா, தூங்குகிறாரா? போனில் முகம் தெரியாதே! அஞ்சலை மீனைப் பார்ப்பது எனக்குத் தெரிகிறது. அதனால்தான் அந்த மௌனத்துக்குப் பயப்படுகிறேன். தெரியாவிட்டால் 'ஹலோ ஹலோ' என்று கத்தியிருப்பேன்.

"ஒண்ணு பண்ணு. அவங்க மூச்சு வாங்குற இடத்துல, 'ஐயாம் லிஸனிங், ப்ளீஸ் கோ ஆன்' அப்படின்னு மட்டும் சொல்லு. வேற எதுவும் வேண்டாம். நீ இருக்கேன்னு தெரிஞ்சா போதும்."

ஒத்திகை பார்த்தோம். நான்தான் அந்த அமெரிக்க அம்மாள். சோஃபாவில் உட்கார்ந்துகொண்டு, சோஃபா வரவில்லை என்று ஆங்கிலத்தில் கத்த ஆரம்பித்தேன். சுகந்தி கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். நான் நிறுத்தியபோது, "ஐயாம் லிஸனிங், ப்ளீஸ் கோ ஆன்" என்றாள்.

கோ ஆன் என்றால் போகத்தானே வேண்டும்? நாயைப் பற்றிக் கத்தினேன். அவள் கேட்டாள். சோஃபா தீர்ந்துபோனது. "ப்ளீஸ் கோ ஆன்" என்றாள். எனக்கே தெரியாமல் தமிழுக்கு வந்துவிட்டேன். கேஸ் புக் செய்து இருபது நாள் ஆனதைச் சொன்னேன். ஏரிப்பக்கத்துக் கொசுவைச் சொன்னேன். எழுதிக் கொடுத்த பத்தியில் பாதியை வெட்டிப் போட்ட உதவி ஆசிரியரைச் சொன்னேன். ரிட்டயர் ஆனதிலிருந்து கணவர் சமையலறைக்கு வந்து யோசனை சொல்வதைச் சொன்னேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் எழுந்து மாடிக்குப் போய்விட்டார். எவ்வளவு நேரம் பேசினேனோ தெரியாது. கடைசியில், "ஸாரிம்மா, உன்கிட்ட போய்க் கத்திட்டேன்" என்று முடித்தேன்.

வாசல்படியிலிருந்து அஞ்சலையின் குரல் வந்தது. "பாத்தியாக்கா? அவ இன்னா பண்ணா? ஒண்ணியும் பண்ல. நீயே ஏறி நீயே எறங்கிகின."

சுகந்தி முதல் தடவையாகச் சிரித்தாள்.

திங்கட்கிழமை எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. செவ்வாயும் அப்படியே. அவர்கள் வீட்டில் போன் கிடையாது. சுகந்தியின் செல் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளும் புத்தி எனக்கு வரவில்லை. இவ்வளவு செய்தாலும், மூன்று மாத அபிப்பிராயம் ஒரு வாக்கியத்தில் மாறிவிடுமா? சானடோரியத்தில் அந்த இடம் இன்னும் காலியாக இருந்தால் தேவலையே என்று அர்த்தமில்லாமல் நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கே சட்டியோடு வாசலில் நின்றேன். அஞ்சலை தெருமுனையில் திரும்பினார். வந்தார். என் கேட்டைத் தாண்டினார். நேராக எதிர்வீட்டுக்குப் போய் மல்லிகாவின் கேட்டில் தராசைத் தட்டினார்.

மல்லிகா அன்றைக்கு லீவு போலிருக்கிறது. வெளியே வந்தார். அஞ்சலை சுருக்குப்பையிலிருந்து பாலிதீன் கவரை எடுத்தார். மல்லிகா படித்தார். ஏதோ கேட்டார். உள்ளே போனார். தடியாக ஒரு புத்தகத்தோடு திரும்பி வந்தார். விரலை வைத்துப் படித்துக் காட்டினார். அஞ்சலை தலையாட்டினார். மறுபடி ஒரு முறை படிக்கச் சொன்னார்.

நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிரே பத்தடி தூரத்தில் நடப்பது எனக்கு எந்தப் பக்கம் என்று விளங்கவில்லை. நல்லதா, கெட்டதா? பிவில்டர்ட் என்ற வார்த்தைக்கு இத்தனை வருடமாக அகராதியில் தேடிய உதாரணம் அன்றைக்கு என் வீட்டு வாசலிலேயே சட்டியோடு நின்றது.

ஒருவழியாக அஞ்சலை தெருவைக் கடந்து வந்தார். கூடையை இறக்கினார். என்னைப் பார்த்தார். வழக்கப்படி ஒன்றும் பேசவில்லை. நான் தாங்க முடியாமல், "என்ன ஆச்சு?" என்றேன்.

"வேலைல போட்டுட்டாங்கோக்கா! கத்தறவங்கோ போனெல்லாம் இனிமே அவளுக்குத்தானாம். அதுக்குன்னே தனி டீமு கீதாம். அந்த ரோஷன் சாரே கை குடுத்தாராம்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மீன் செதில் ஒட்டியது. ஒட்டட்டும்!

"கீழ ஒரு வார்த்தை எழுதிகிறாரு இந்த தபா" என்றார். காகிதத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினார், கையில் தராமல். 'ரிமெய்ன்ஸ் கம்போஸ்ட் அண்டர் ப்ரெஷர்' என்று இருந்தது. எந்த நெருக்கடியிலும் நிதானம் தவறாதவள். பிவில்டர்ட் என்பதற்கு நேர் எதிர். அதைப் பற்றி ஒரு முழுப் பத்தியே எழுதியிருக்கிறேன், போன தீபாவளிக்கு முந்தைய வாரம். வாய் வரை வந்துவிட்டது.

"மல்லிகாக்காவ பொஸ்தகத்த பாத்தே சொல்ல சொன்னேன்" என்றார் அஞ்சலை. கொஞ்சமும் குத்தலாகச் சொல்லவில்லை. அதனால்தான் நன்றாகக் குத்தியது. "கம்போஸ்டுன்னா இன்னான்னு உனக்குத் தெரிமாக்கா?"

முகம் முழுக்கச் சிரிப்போடு நின்றார். சொல்வதற்கென்றே தெருவைக் கடந்து வந்திருக்கிறார்.

"தெரியாது அஞ்சலை. நீ சொல்லு" என்றேன்.

"எவன் இன்னா கத்தினாலும் அசையாம கீறதாம். எய்திக்கோ."

எழுதிவிட்டேன். பன்னிரண்டு வருடத்தில் ஒரு வார்த்தைக்கு நான் சொன்ன முதல் 'தெரியாது' அது. அதுவும் பொய்தான்.